கழுத்தில் தொங்கும் கடிகாரம்: பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் மருத்துவன் இல்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண ஆள். உங்களில் மூன்று பேரிடம் பயிற்சி எடுத்திருக்கிறேன். மூன்று பேரும் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கவிட்டிருந்தார்கள். யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், மூன்று பேரும் அந்தக் கடிகாரத்தைப் பார்க்காமலேயே ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஒண்ணுமில்ல, பிடிப்புதான். தாங்கிக்கிட்டு ஓடு, போயிடும்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பெரும்பாலான நேரம் நீங்கள் சொல்வது சரி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓடும்போது விலா எலும்புக்குக் கீழே, அதிகமாக வலப்பக்கம், கத்தியால் குத்துவதுபோல வரும் வலி எனக்கும் நன்றாகப் பழக்கம். முதல் இரண்டு வருடம் நான்காவது கிலோமீட்டரில் கூப்பிட்டு வைத்ததுபோல வந்து நிற்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டேரன் மார்ட்டனும் ராபின் காலிஸ்டரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஆறு விதமான விளையாட்டுகளில் ஈடுபடும் 965 பேரிடம் கேட்டார்கள். முந்தைய ஒரு வருடத்தில் இந்த வலி வந்ததாகச் சொன்னவர்கள் நீச்சல்காரர்களில் 75 சதவீதம், ஓட்டக்காரர்களில் 69 சதவீதம். சைக்கிள் ஓட்டுகிறவர்களில் 32 சதவீதம்தான். இதில் எனக்குப் பிடித்த எண் வேறொன்று: குதிரை ஏறுகிறவர்களில் 62 சதவீதம். குதிரைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு ஓட்டக்காரரைப்போல மூச்சு வாங்குவதில்லை. ஆகவே, "மூச்சை ஒழுங்காக விடத் தெரியாததால்தான் வலிக்கிறது" என்று எங்களைத் திட்டும்போது கொஞ்சம் குதிரையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இன்னும் முடிவாகவில்லை. உதரவிதானத்துக்குப் போதிய ரத்தம் போகவில்லை என்று ஒரு கட்சி. கல்லீரலையும் இரைப்பையையும் தாங்கும் நார்கள் குலுங்கி இழுபடுகின்றன என்று இன்னொரு கட்சி. வயிற்றறையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு உரசி எரிச்சலடைகிறது என்பது மார்ட்டனும் காலிஸ்டரும் சாய்கிற பக்கம். சிலருக்கு விலாவில் பிடிக்கும்போதே தோள் நுனியிலும் வலிப்பது இதற்குப் பொருந்துகிறது. உதரவிதானத்தை ஒட்டிய சவ்வுக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதுதான். அந்த நரம்பு சீண்டப்பட்டால் மூளை தோளில் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது.

இந்த வலிக்கு என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும். வேகத்தைக் குறைத்து, முன்பக்கம் குனிந்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தி, ஆழமாக மூச்சு விட்டால் பெரும்பாலும் விடும். வயிறு நிறையச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஓடினாலோ, ஒரே மடக்கில் நிறையக் குடித்தாலோ, அதுவும் சர்க்கரை அதிகமுள்ள பானமாக இருந்தாலோ, நிச்சயம் எட்டிப் பார்க்கும். எனக்கு அந்த நான்காவது கிலோமீட்டர் வலி போனது, கிளம்பும் முன் அரை பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்ளும் பழக்கத்தை விட்ட பிறகுதான். தாங்கிக்கொண்டு ஓடியதால் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை என்கிறீர்களா? இந்தப் பிடிப்புக்கு ஒரு குணம் உண்டு. நின்றால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கடுமையாகப் பிடித்திருந்தால் அந்த இடம் ஓரிரு நாள் தொட்டால் நோகலாம். ஆனால் அந்தக் குத்தல் நீடிக்காது. நின்று, உட்கார்ந்து, பத்து நிமிடம் ஆன பிறகும் அதே வேகத்தில் வலிக்கிறதென்றால் அது வேறு ஏதோ. பத்து நிமிடம் என்பது நான் போட்ட கணக்கு, மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் எல்லைக்கோடு அல்ல. வாந்தி, மயக்கம், வியர்த்துக் கொட்டுவது, வெளிறிய முகம், கல்போல இறுகிய வயிறு இதில் எது சேர்ந்து வந்தாலும் பத்து நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. மற்ற நேரங்களில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தேவையான ஒரே கருவி உங்கள் கழுத்திலேயே தொங்குகிறது. நூறு மீட்டரை நூறில் ஒரு பங்கு வினாடி வரை அளக்கிறீர்கள். ஒரு பையனின் வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை.

என் அக்கா மகன் விஷயத்தில் அந்தக் கேள்வியை மருத்துவமனையில் நாலு பேர் நாலு முறை கேட்டார்கள்.

அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. கால்பந்து. மாலைப் பயிற்சியில் சுமார் ஐந்தரை மணிக்கு, "சார், வயிறு வலிக்குது" என்று சொல்லியிருக்கிறான். பயிற்சியாளர் அவனை ஓரமாக உட்கார வைத்தார். கால் மணி நேரம் கழித்து, "இப்ப எப்படி?" என்றார். அணித் தேர்வு நடக்கும் வாரம். "பரவாயில்ல சார்" என்றான். வேறென்ன சொல்வான்? இரண்டு சுற்று ஓடவிட்டார். வலியோடு ஓடினான். வீட்டுக்கு வந்தவன் யாரிடமும் பேசாமல் சுருண்டு படுத்துக்கொண்டான். ஒன்பது மணிக்கு வாந்தி. அஜீரணம் என்று என் அக்கா நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். விடியற்காலை நாலு மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழுந்தவன் கால்களை அகட்டி அகட்டி நடப்பதை என் அத்தான் பார்த்தார். எங்கேடா வலிக்குது, உண்மையைச் சொல்லு என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். வலி வயிற்றில் மட்டும் இல்லை. விதைப்பையில்.

விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் தண்டு முறுக்கிக்கொள்வது என்று இதைச் சொல்கிறார்கள். எந்த வயதிலும் வரலாம் என்றாலும் வளரிளம் பருவத்தில்தான் அதிகம். விளையாடும்போதும் வரும், ஒன்றுமே செய்யாமல் தூங்கும்போதும் வரும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப்போக வாய்ப்பு சரியும். நாங்கள் அறுவை சிகிச்சைக் கூடத்தின் வாசலில் நின்றபோது பதின்மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு பக்க விரையை எடுத்துவிட்டார்கள். மற்றது முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தையல் போட்டு நிறுத்தினார்கள். அவன் நன்றாக இருக்கிறான், ஒன்று இருந்தாலே போதும் என்றார் மருத்துவர். போதும்தான். ஆனால் அந்த இன்னொன்று போக வேண்டியதில்லை.

அவன் ஏன் வயிறு என்று சொன்னான்? வெட்கம் பாதி. இருபது பையன்கள் சுற்றி நிற்கும்போது பதினான்கு வயதுக்காரன் வேறு எந்த இடத்தைச் சொல்வான்? மீதி உடற்கூறு. கருவில் இருக்கும்போது விரைகள் உருவாவது வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்குகின்றன. நரம்பும் அங்கிருந்துதான் கூடவே வருகிறது. அதனால் அடிவயிறு மட்டும் வலிக்கிற பையன்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆகவே, ஒரு பையன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டால், தனியே கூட்டிக்கொண்டுபோய், குரலைத் தாழ்த்தி, "கீழேயும் வலிக்குதாப்பா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், நேராக மருத்துவமனை. இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மடலின் மீதியைப் படிக்காமல் மூடினாலும் எனக்கு வருத்தமில்லை.

பெண் பிள்ளைகளிடம் நிலைமை இன்னும் சிக்கல். அவர்கள் வயிற்று வலி என்று சொன்னதுமே பாதிப் பேர் மாதவிலக்கு என்று முடிவுகட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். மீதிப் பேர் சாக்குச் சொல்கிறாள் என்கிறீர்கள். மாதவிலக்கு வலி என்றால் அந்தப் பெண்ணுக்கே தெரியும். மாதா மாதம் பார்க்கிற வலி. "இது எப்பவும் வர்ற மாதிரி இல்லை" என்று அவள் சொன்னால் அதற்குமேல் வாதம் கூடாது. சினைப்பையும் முறுக்கிக்கொள்ளும், திடீரென்று ஒரு பக்கமாக அடிவயிற்றில் வெட்டும், கூடவே குமட்டும். சினைப்பையில் இருக்கும் நீர்க்கட்டி கடும் பயிற்சியின்போது வெடிப்பதும் உண்டு. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு, நாள் தள்ளிப்போயிருந்து, ஒரு பக்கம் வலித்து, தலை சுற்றுகிறது, தோள் நுனியில் வலிக்கிறது என்றால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே ரத்தம் கசியலாம். மேலே சொன்ன அதே நரம்பு, அதே தோள். விலாப் பிடிப்பில் வரும் தோள் வலி, ஓடாமல் நின்றால் போய்விடும். ரத்தம் கசிந்து வரும் தோள் வலி, ஓடாமல் நின்றாலும் போகாது.

இந்தத் தோள் கதை இன்னொரு இடத்திலும் வரும். விலாவில் உதை, முழங்கை இடி, கைப்பிடிமேல் விழுந்த சைக்கிள்காரர் என்று எதுவாக இருந்தாலும், அடிபட்ட பிறகு இடப்பக்க மேல்வயிறும் இடத்தோளும் வலித்தால் மண்ணீரலை நினையுங்கள். மோனோ எனப்படும் சுரப்பிக் காய்ச்சல் வந்து எழுந்தவர்களுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். சின்ன அடிக்கே கிழியலாம் என்பதால் குறைந்தது மூன்று வாரமாவது இடித்து விளையாடும் ஆட்டங்களுக்கு அவர்களை விடக் கூடாது என்கிறார்கள். காய்ச்சல் விட்டதுமே களத்துக்கு வா என்று கூப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது என் கடிகார விதி பொய்த்துப்போகும் இடத்துக்கு வருகிறேன். மறைக்க முடியாது. நாற்பதைத் தாண்டியவர், கொஞ்சம் எடை, சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், இல்லையென்றால் புகைப்பழக்கம். ட்ரெட்மில்லில் வேகம் கூடியதும் நெஞ்சுக்குழிக்குக் கீழே அழுத்துகிறது, நிறுத்தியதும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. மறுநாள் அதே வேகத்தில் மறுபடியும். நின்றதும் போய்விட்டதே, அப்படியென்றால் பிடிப்புதான் என்று என் விதி சொல்லும். விதி தப்பு. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பும் இப்படித்தான் நடந்துகொள்ளும்: உழைப்பில் வரும், ஓய்வில் போகும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மேல்வயிற்றில் மட்டும் காட்டுவதும் உண்டு. எல்லோரும் "வாயு" என்று பெயர் வைத்துவிடுகிறோம். எத்தனை பேரை இந்த வாயு ஏமாற்றியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. நின்ற பிறகும் விடாமல் அழுத்தி, வியர்த்து, மூச்சு திணறினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நின்றதும் விட்டுவிட்டால் அன்றைக்குப் பயிற்சியை முடித்துவிட்டு, இதய மருத்துவரைப் பார்த்த பிறகு வந்தால் போதும் என்று சொல்லுங்கள். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு மாதச் சந்தா நஷ்டமாகலாம். ஆகட்டும்.

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு, அதாவது என் கூட்டத்துக்கு, வலி வேறு விதம். கடுமையாக ஓடும்போது உடம்பு ரத்தத்தைக் கால்களுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. குடலுக்குப் போகும் பங்கு 80 சதவீதம் வரைகூடக் குறையலாம். வெயிலும் நீர் வற்றலும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். அதனால்தான் குமட்டல், முறுக்கல், கழிப்பறையைத் தேடி ஓடுவது எல்லாம். இதற்கு நடுவே நம்மிடையே ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது: ஓட்டத்துக்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வது. 2012இல் வெளியான ஒரு டச்சு ஆய்வில், இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சும்மா மிதித்ததைவிடக் குடல் சேதத்தின் அடையாளம் ரத்தத்தில் அதிகம் இருந்தது. ஒன்பது பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் ரத்தம் குறைந்து தவிக்கும் குடல்மேல் அதன் உட்படலத்தை அரிக்கும் மாத்திரையைப் போடுவது புத்திசாலித்தனமா என்று யோசிக்க ஒன்பது பேர் போதும். உங்கள் முதலுதவிப் பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து நீட்டாதீர்கள். ஓடி முடித்த பிறகும் முறுக்கிப் பிழிந்து, மலத்தில் ரத்தம் வந்தால் அதைப் பதக்கத்தோடு சேர்த்துப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆட்களை எனக்குத் தெரியும். அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

சிட்-அப்பைத் தண்டனையாகக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழக்கமில்லாத ஆளை ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுக்கவைத்தால் மறுநாள் வயிற்றுத் தசை வலிப்பது சகஜம். சிரித்தால் வலிக்கும், தும்மினால் வலிக்கும், இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கும். ஆனால் வயிறு வீங்கி, தொடவே முடியாமல் வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தில் அடைக்கிறது என்று அர்த்தம். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். பெயர் மறந்தாலும் நிறத்தை மறக்காதீர்கள்.

குடல்வால் அழற்சியைச் சொல்லாமல் விடக் கூடாது. பயிற்சி அதை உண்டாக்குவதில்லை; பயிற்சிக்கு நடுவில் தொடங்கினால் பயிற்சிமேல் பழி போய்விடுகிறது, அவ்வளவுதான். தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அதிரும். பசியே இருக்காது. இதுபோன்ற வலியில் வயிற்றை நீவிவிடுவது, எண்ணெய் தேய்ப்பது, "ஏதாவது குடி, சரியாயிடும்" என்பது எதுவும் வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வெறும் வயிறு நல்லது.

இத்தனையையும் நீங்கள் நினைவில் வைத்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது மருத்துவரின் வேலை. எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, நின்ற பிறகு குறைகிறதா என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, பையனோடு அனுப்பினால் போதும். வலியோடு இருக்கிறவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பெற்றோருக்கு நீங்களே பேச வேண்டும். "பரவாயில்ல சார்" என்ற பதிலை மட்டும் நம்பவே கூடாது. அணியில் இடம் வேண்டும் என்கிறவன் உங்களிடம் அதைத்தான் சொல்வான். வலி என்று சொன்னதற்காக யாரையும் அணியிலிருந்து எடுக்க மாட்டேன் என்று பருவத்தின் முதல் நாளே எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுங்கள்.

கத்துக்குட்டிகள் சாக்குச் சொல்லி ஏமாற்ற மாட்டார்களா என்று என் பயிற்சியாளர் நண்பர் ஒருவர் கேட்டார். ஏமாற்றுவார்கள். நானே ஏமாற்றியிருக்கிறேன். ஒருவன் ஏமாற்றினால் உங்களுக்கு நஷ்டம் பத்து நிமிடம்.

என் அக்கா மகனின் பயிற்சியாளர் அன்று காலையிலேயே மருத்துவமனைக்கு வந்தார். நல்ல மனிதர், இருபது வருட அனுபவம். என் அக்கா அவரிடம் கத்துவாள் என்று பயந்தேன். அவளுக்குக் கத்தவும் தெம்பு இல்லை. மருத்துவர் விளக்கியதை அவரும் எங்களோடு நின்று கேட்டார். ஆறு மணி நேரம் என்ற எண்ணைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு ரெண்டு சான்றிதழ் இருக்குங்க. கணுக்கால் பிசகினா என்ன பண்ணணும், எலும்பு முறிஞ்சா எப்படிக் கட்டணும், எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. இதை ஏன் யாருமே சொல்லல?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பாடத்திட்டம் வகுக்கிறவர்களையும் முதல் வரியில் சேர்த்து எழுதியது அதனால்தான்.

இப்படிக்கு,
உங்களிடம் ஓடக் கற்றுக்கொண்ட ஒருவன்